இருபத்தெட்டாம் தேதி நான்தான் ஓட்டுவேன்

டிசம்பர் 28, ஞாயிறு

இன்று காரைக் கிளப்பினேன். நாலு தடவை இருமி நின்றுவிட்டது. மறுபடி கிளப்பினேன், மறுபடி நின்றது. மூன்றாவது தடவை ஆக்ஸிலரேட்டரை விடாமல் மிதித்தேன். கேட்டுக்குப் போவதற்குள் துடியலூர் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு வெடி வெடித்து அணைந்துபோனது. டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஏழு மாதம் கழித்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தவளுக்கு நல்ல வரவேற்பு.

என் வீட்டுக்காரர் தெய்வசிகாமணி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மேட்டுப்பாளையம் ரோட்டில் எண்ணெய்க் கடை அவருக்கு, பின்னாலேயே மில். இந்தக் காரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: நீல நிறம், பயங்கர வேகம். பாலிடெக்னிக்கில் இருபத்தாறு வருடம் அளவுக்கருவிப் பாடம் நடத்திவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு, சொந்தபந்தம் எல்லாம் வாயைப் பிளக்க நான் வாங்கிய கார் இது. ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ. ஐம்பது வயதில் பொம்பளைக்கு எதற்கு பந்தயக் கார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஓட்டுவதற்கு என்று பதில் சொன்னேன்.

"வித்துப்போடலாம் மயிலா. பொள்ளாச்சிக்காரரு ஒருத்தரு கேட்டுட்டே இருக்காரு" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "சனவரி இருபத்தெட்டு ஸ்கேனுக்குப் போகோணுமல்லங்க? அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு இந்தக் காருல, நான் ஓட்டிட்டுப் போறனுங்க. முடியலீன்னா சாவியை நானே பொள்ளாச்சிக்காரரு கைல குடுத்தர்றேன்" என்றேன். அவர் உள்ளே போய்விட்டார்.

போன ஆறு மாதமும் கீமோ ஏற்றிக்கொள்ள, வாடகைக் காரின் பின்சீட்டில் படுத்துக்கொண்டுதான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். கண்ணாடி வழியாக மின்கம்பங்களின் தலைதான் தெரியும். பட்டது போதும்.

டிசம்பர் 30, செவ்வாய்

பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றுக்குப் போன் போட்டேன். அறிகுறியை எல்லாம் சொல்லி முடித்த பிறகு அந்தப் பக்கத்தில் இருந்தவர், "சார்கிட்ட குடுங்க மேடம்" என்றார். சார் எண்ணெய் விற்கப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என்னிடமே ஸ்கேனர் இருக்கிறது. ஸ்டியரிங்குக்கு அடியில் செருகினால் போனில் எல்லாம் தெரியும். பார்த்ததும் புரிந்துவிட்டது: ஏர்ஃப்ளோ சென்சார். இந்தக் காருக்கு இடதும் வலதுமாக இரண்டு. இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று அளக்கிற சாமான். உள்ளே முடி மாதிரி ஒரு கம்பி. மின்சாரம் அதைச் சூடாகவே வைத்திருக்கும். காற்று பட்டால் கம்பி ஆறும். ஆறியதை ஈடுகட்ட எவ்வளவு மின்சாரம் பிடித்தது என்று பார்த்து, காற்றைக் கணக்குப் போட்டு, அதற்குத் தக்க பெட்ரோல் விடும் கம்ப்யூட்டர். கம்பி மரத்துப்போனால் காற்று வந்தாலும் வரவில்லை என்று பொய் சொல்லும். பெட்ரோல் குறையும், கார் இருமும். இரண்டு பக்கமும் பாதிதான் காட்டுகிறது. கழற்றிப் பார்த்தேன், கம்பி மேல் பழுப்பாக ஒரு படலம். வயசான சென்சார், வேறென்ன. இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஆர்டர் போட்டாயிற்று.

சனவரி 2, வெள்ளி

நங்கையா வந்திருந்தார், இவருடைய அக்கா. நாட்டுக்கோழிச் சாறு கொண்டுவந்தார். சாறு நன்றாக இருந்தது, கூட வந்த பரிதாபம்தான் உப்புக் கரித்தது. என் தலையைத் தடவி, "ஒரு இஞ்ச் முடி வளந்துருச்சு கண்ணு" என்றார். அளவெடுக்கிறார்.

போகும்போது, போர்ட்டிகோவில் கிடந்த என் இடது செருப்பை எடுத்துவந்து காலடியில் போட்டார். நான் ஒற்றைச் செருப்போடு ஹால்வரை நடந்து வந்திருக்கிறேனாம். செருப்பு பழசு, வார் தளர்ந்துவிட்டது.

சனவரி 5, திங்கள்

சென்சார் வந்தது. காலை பத்து மணிக்கு ஆரம்பித்தேன். முன்னெல்லாம் அரை மணி நேர வேலை.

பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டேன். சென்சாரின் வயர் சாக்கெட்டில் ஒரு சின்ன நாக்கு இருக்கும். அதை அமுக்கிக்கொண்டே இழுக்க வேண்டும். அமுக்குகிறேனா இல்லையா என்று பார்க்க நகத்தைப் பார்த்துக்கொண்டேன். நகம் வெளுத்தால் அமுக்குகிறேன். இதெல்லாம் ஒரு பழக்கம்தான்.

ஒரு சென்சாருக்கு இரண்டு ஸ்க்ரூ. முதலாவதைக் கழற்றி விரலில் பிடித்திருந்தேன். பார்த்தால் விரலில் இல்லை. காந்தக் குச்சியை விட்டுத் துழாவினேன். டர்போ பைப்புக்கு அடியில் கிடந்தது. எடுத்தேன். மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை விழுந்தபோது பானெட் மேல் ஓங்கி ஒரு அடி அடித்தேன். பானெட் அதிர்ந்தது, கைக்கு ஒன்றும் ஆகவில்லை. போர்ட்டிகோவில் வெளிச்சம் போதாது, அதுதான் காரணம்.

இவர் சமையலறை ஜன்னலில் நின்று பார்ப்பது தெரிந்தது. வரட்டும், "நான் செய்யட்டுமா" என்று கேட்கட்டும், நன்றாகப் பாட்டு விடலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து என் கைக்குக் கீழே, இன்ஜின் மேலேயே வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஸ்க்ரூ விழுந்தால் டங் என்று சத்தம் கேட்டது. எடுத்துக்கொண்டேன்.

புது சென்சாரை உறையிலிருந்து எடுக்கும்போது கம்பியைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் கெட்டது. தொட்டேனா இல்லையா என்று என் விரலைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை என்பதால் இடுக்கியால் பிடித்து வைத்தேன். வலது பக்கம் முடிய ஒரு மணி. சாப்பிட்டு, படுத்து, எழுந்து, இடது பக்கம் முடிய ஐந்து.

கிளப்பினேன். இருமவில்லை. ஸ்கேனரில் இரண்டு பக்கமும் ஒரே எண். நான் போர்ட்டிகோ தரையில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

சனவரி 6, செவ்வாய்

வலது ஆள்காட்டி விரலில் கொப்புளம். கிளப்பிய பிறகு டர்போ சூட்டில் பட்டிருக்கும். எப்போது என்று நினைவில்லை.

சனவரி 7, புதன்

லேஅவுட்டுக்குள் இரண்டு ரவுண்டு ஓட்டினேன். கார் பழையபடி பாய்கிறது. திரும்பி வரும்போது கேட்டருகே இருந்த செம்பருத்தித் தொட்டி உடைந்துவிட்டது. தொட்டியை அந்த இடத்தில் வைத்தது யார் என்று தெரியவில்லை.

தொட்டி ஐந்து வருடமாக அங்கேதான் இருக்கிறது என்கிறார் இவர்.

சனவரி 8, வியாழன்

எடை பார்க்கிற மிஷினைக் குளியலறையிலிருந்து எடுத்துவந்து, சுவரில் சாய்த்து வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து வலது காலால் மிதித்துப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து கிலோ மிதிக்க வேண்டும் என்று நினைத்து மிதித்தேன்; திறந்தால் பதினாலு. மறுபடி ஐந்து என்று நினைத்தேன், இரண்டு. சும்மா பொழுதுபோக்கு. நாற்பது தடவை செய்தேன்.

சனவரி 10, சனி

ஐந்துக்கு ஏழு. பத்துக்குப் பதினொன்று. பாதத்தை நம்பாமல் தொடையை நம்பினால் சரியாக வருகிறது. நூற்றிருபது தடவை. பொழுதுபோக்குதான்.

சனவரி 12, திங்கள்

கார் மறுபடி இருமுகிறது.

நம்பவே முடியவில்லை. ஸ்கேனரைப் போட்டால் இரண்டு புது சென்சாரும் பாதிதான் காட்டுகின்றன. ஒரு வாரம்தான் ஆகிறது. போலிச் சரக்கோ? நான்தான் கம்பியைத் தொட்டுவிட்டேனோ? இரண்டையுமா தொட்டிருப்பேன்?

சாயங்காலம் இவர் மெதுவாக ஆரம்பித்தார். பொங்கல் கழிந்ததும் பொள்ளாச்சிக்காரர் வந்து பார்க்கிறாராம், வண்டி ஓடாவிட்டாலும் பரவாயில்லையாம். பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, காரையும் பார்க்கவில்லை. இன்னும் பதினாறு நாள் இருக்கிறது, பதினாறு நாளும் இது என் கார் என்றேன். சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இதை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அழுதது துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில்.

சனவரி 15, வியாழன்

பொங்கல். சர்க்கரைப் பொங்கல் இனித்தது. எட்டு மாதத்தில் இப்போதுதான் நாக்குக்கு இனிப்பு தெரிகிறது.

சனவரி 17, சனி

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

காலையில் சென்சாரைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். புதுக் கம்பியிலும் அதே பழுப்புப் படலம். வயசானதால் வந்ததில்லை, எங்கிருந்தோ வந்து ஒட்டுகிறது. சென்சாருக்கு முன்னால் இருப்பது ஏர் ஃபில்டர்தான், பக்கத்துக்கு ஒன்று. அதை நான் யோசிக்கவே இல்லை. நோயில் படுப்பதற்கு முன்னால், மே மாதமே, கழுவி வைத்திருந்தேன். என்னைத் தவிர யார் அதைத் தொடப் போகிறார்கள்? பருத்தித் துணி ஃபில்டர் அது. கழுவிக் காயவைத்து, அதற்கென்று விற்கிற எண்ணெயைத் துளித்துளியாகத்தான் விட வேண்டும். தூசி ஒட்டுவதற்கு மட்டும். கூடினால் எண்ணெய் காற்றோடு பறந்து போய்க் கம்பியில் உட்காரும்.

ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன். அடியில் குளம். ஃபில்டர், பாகில் ஊறிய ஜாங்கிரி மாதிரி சொட்டியது. மூக்கருகே கொண்டுபோனேன். விரல் மரத்திருக்கலாம், மூக்கு மரக்கவில்லை. விளக்கெண்ணெய்.

மத்தியானம் சாப்பிட வந்தவருக்கு முன்னால், சோற்றுத் தட்டு வைக்க வேண்டிய இடத்தில், ஃபில்டரை வைத்தேன். ஒவ்வொன்றாக எல்லாம் வெளியே வந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காரைத் துடைத்திருக்கிறார். போனில் வீடியோ பார்த்து ஃபில்டரைக் கழற்றிக் கழுவியிருக்கிறார். டப்பாவில் இருந்த எண்ணெய் முழுவதையும் ஊற்றியிருக்கிறார். ஆறு தடவைக்கு வருகிற டப்பா. அதுவும் பத்தாது என்று தோன்றியிருக்கிறது. அந்தக் காலத்துப் பந்தயக் கார்களுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றுவார்கள் என்று நானே எப்போதோ சொன்னேனாம். அது இன்ஜினுக்குள் ஊற்றுகிற விஷயம். கடையில் இருந்து முதல்தரமாக ஒரு லிட்டர் கொண்டுவந்து இரண்டு ஃபில்டரையும் முக்கி எடுத்திருக்கிறார். எண்ணெயால் ஒரு மிஷின் கெடும் என்று அவருடைய வம்சத்திலேயே யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஏன் செய்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் கத்தித்தான் கேட்டேன்.

"உன்னய டாக்டரு பாத்துக்கறேன்னாரு, நர்சு பாத்துக்கறேன்னாங்க, சோறு அக்கா பாத்துக்கறேன்னுச்சு. எனக்குன்னு பாக்கறதுக்கு உன்ற காரு ஒண்ணுதான் புள்ள இருந்துச்சு" என்றார்.

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அப்படிப்பட்ட காரை ஏன் விற்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். நவம்பரில் ஒருநாள் கிளப்பிப் பார்த்திருக்கிறார், இருமியிருக்கிறது. நாசம் பண்ணிவிட்டோம் என்று பயந்து போயிருக்கிறார். எனக்குத் தெரியாமலேயே வண்டி போய்விட்டால் நல்லது என்று நினைத்திருக்கிறார். அது மட்டும்தானா என்றேன். தட்டில்லாத மேஜையைக் கையால் துடைத்தார்.

"செருப்பு கழண்டது தெரியாம நடக்கற. வெரல் வெந்தது தெரியாம நிக்கற. நான் பாத்துட்டுத்தான் இருக்கேன். கால் மரப்பு தெளியாம ஓட்ட வேண்டாம்னு டாக்டரு எங்கிட்டச் சொன்னாரு. அத உங்கிட்டச் சொல்ற தெம்பு எனக்கில்ல."

என் காலைப் பற்றி என்னிடம் சொல்லாமல் இவரிடம் சொன்ன டாக்டருக்கு நாளைக்கு இருக்கிறது. ஆனால் இன்றைக்கு நான் எழுத வேண்டியது வேறு. எனக்குத் தெரியும். ஆகஸ்டிலிருந்தே தெரியும். கீமோ மருந்தில் மரத்துப்போய், இரண்டு பாதமும் பத்து விரலும் யாருடையதோ மாதிரி இருக்கின்றன. செம்பருத்தித் தொட்டியை உடைத்தது நான். பிரேக்கை மிதித்துவிட்டதாக நினைத்தேன், மிதிக்கவில்லை. அங்கே தொட்டிக்குப் பதில் ஒரு ஆள் நின்றிருந்தால் என்ற நினைப்பு பத்து நாளாக என்னைத் தின்கிறது. அதனால்தான் எடை மிஷின்.

இதை அவரிடமும் சொன்னேன். அப்புறம் ஃபில்டரை எடுத்துவிட்டுச் சோறு போட்டேன். இரண்டு பேரும் நன்றாகவே சாப்பிட்டோம்.

சனவரி 18, ஞாயிறு

இரண்டு ஃபில்டரையும் சோப்புத் தண்ணீரில் அவர் கழுவினார், மொட்டை மாடியில் காயப் போட்டார். சென்சார்களை அதற்கென்று இருக்கிற ஸ்ப்ரேயால் நான் சுத்தம் செய்தேன். கம்பி பளிச்சென்று ஆகிவிட்டது, நல்லவேளை, கெடவில்லை.

டாக்டருக்குப் போன் செய்து, இனி என் உடம்பைப் பற்றிய சேதி முதலில் எனக்கு வர வேண்டும் என்றேன். மன்னிப்புக் கேட்டார். பிசியோதெரபி ஜெசிந்தாவிடம் காலைக் காட்டச் சொன்னார். அவர் ஓட்டலாம் என்றால் தனக்கும் சரியாம்.

சனவரி 19, திங்கள்

ஃபில்டருக்கு எண்ணெய் விட அவரையே விட்டேன். ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரே ஒரு கோடு. "இவ்வளவுதானா?" என்று மூன்று தடவை கேட்டார். பக்கத்தில் டப்பா மூடியோடு நின்றுகொண்டிருந்தேன். கடைசி மடிப்பு முடிந்ததும் பிடுங்கி மூடிவிட்டேன்.

சனவரி 20, செவ்வாய்

ஜெசிந்தா என் கண்ணைக் கட்டினார். கால் கட்டைவிரலைப் பிடித்து மேலேயா கீழேயா என்றார். நைலான் இழையால் பாதத்தில் குத்தி, எங்கே என்றார். தெரிந்ததற்குத் தெரிந்தது என்றும் தெரியாததற்குத் தெரியவில்லை என்றும் சொன்னேன். இருபத்தாறு வருடம் பிட் அடிக்கிற பையன்களைப் பிடித்தவள், நானே பிட் அடிப்பேனா?

இடது கால் இன்னும் மோசம். வலது, குதிகாலும் பாதத்தின் வெளி ஓரமும் தேறியிருக்கின்றன. எடை மிஷினைப் பையில் கொண்டுபோயிருந்தேன். கண் கட்டியபடியே ஐந்து, பத்து, இருபது என்று அவர் சொல்லச் சொல்ல மிதித்தேன். முப்பது தடவையில் ஒன்றுதான் பிசகியது. விளக்கு எரிந்ததும் மிதிக்கிற சோதனையும் வைத்தார். என் காருக்கு கிளட்ச் கிடையாது, இடது காலுக்கு வேலையில்லை என்று நான் வாதாடத் தயாராக இருந்தேன். அவரே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"வலது கால் பாஸ் மேடம். ஆனா செருப்பு போட்டு ஓட்டக் கூடாது, அரை மணிக்கு மேல ஓட்டக் கூடாது. முதல்ல காலி மைதானத்துல பழகணும், பக்கத்துல ஒருத்தர் இருக்கணும். சந்தேகம் வந்தா நிறுத்திடணும்" என்றார். டாக்டரிடமும் பேசிவிட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நிபந்தனைகளை இவர் கடை பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். என்னை நம்பவில்லை போலிருக்கிறது.

சனவரி 23, வெள்ளி

பாலிடெக்னிக் மைதானம். வாட்ச்மேன் இன்னும் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுகிறார். மெலிசான கான்வாஸ் ஷூ. செங்கல்லை வைத்து அதன் முன் நிறுத்திப் பழகினேன். முதல் நாலு தடவை செங்கல் போயிற்று. அதன் பிறகு போகவில்லை. மொத்தம் ஐம்பது தடவை. பக்கத்தில் இருந்தவர் ஒவ்வொரு தடவையும் தானும் தரையை மிதித்தார். சாயங்காலம் அவருக்குத்தான் கால் வலி.

ஸ்கேனரில் இரண்டு பக்கமும் ஒரே எண். நாலு நாளாக அசையவில்லை.

சனவரி 25, ஞாயிறு

மறுபடி மைதானம். ஒரு செங்கல்கூடப் போகவில்லை.

சனவரி 27, செவ்வாய்

பயமாக இருக்கிறது. காரை நினைத்து இல்லை.

சனவரி 28, புதன்

ஆறரைக்குக் கிளம்பினோம், ரோட்டில் கூட்டம் சேர்வதற்குள். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். எனக்கு மட்டும்தான் அந்த விதி, ஆனால் இவரும் காபிகூடக் குடிக்கவில்லை. நங்கையா கேட்டில் நின்று, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகப் போகச் சொன்னார். மெதுவாகத்தான் போனேன். கவுண்டம்பாளையம் வரை நாற்பதைத் தாண்டவில்லை. முன்னூறு போகிற காரை மொபெட்காரர் ஒருவர் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொள்ளட்டும்.

அங்கே மேம்பாலத்தில் ஏறியதும் முன்னால் ரோடு காலியாகக் கிடந்தது. "கெட்டியாப் புடிச்சுக்கோங்க" என்றேன். எதற்கு என்று அவர் கேட்பதற்குள் மிதித்துவிட்டேன். மூன்று விநாடிதான், வேக வரம்பைத் தொட்டதும் எடுத்துவிட்டேன். இரண்டு டர்போவும் சேர்ந்து மூச்சை இழுத்த சத்தம் முதுகெலும்பு வரை கேட்டது. முதுகு மரக்கவில்லை, இடுப்பு மரக்கவில்லை, காது மரக்கவில்லை. பாலம் இறங்கும்போது பிரேக்கை மிதித்தேன். எவ்வளவு நினைத்தேனோ அவ்வளவு பிடித்தது. மின்கம்பங்களை இந்த முறை முழுசாகப் பார்த்தேன்.

இருபத்தைந்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி. போர்ட்டிகோவில் நிறுத்தினேன். வீல் சேரைத் தள்ளிக்கொண்டு ஊழியர் ஒருவர் ஓடி வந்தார். காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். இவர் முகம் வெளிறி, நெற்றி வியர்த்து, கதவுக்கு மேலே இருக்கிற பிடியை இன்னும் விடாமல் உட்கார்ந்திருந்தார். ஊழியர் நேராக அவர் பக்கம் போய்க் கதவைத் திறந்து, "மெதுவா எறங்குங்க சார், பயப்படாதீங்க" என்று கையைக் கொடுத்தார். என்னிடம், "கூட வந்தவங்க வண்டிய அந்தப் பக்கம் போட்டுட்டு ஃபைல எடுத்துட்டு வாங்கம்மா" என்றார்.

"பேஷண்ட் நாந்தாங்க" என்றேன்.

ஊழியர் வீல் சேரை என் பக்கம் திருப்பினார். இவர் ஒரு காலைத் தரையில் ஊன்றினார், இன்னொரு காலை ஊன்றினார். "ஒரு நிமிசம் இருப்பா" என்று சொல்லிவிட்டு வீல் சேரில் உட்கார்ந்துவிட்டார். நான் காரைப் போட்டுவிட்டு, ஃபைலை எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு முன்னால் நடந்து உள்ளே போனேன்.

ஸ்கேன் முடிந்தது. முடிவு வெள்ளிக்கிழமை. வாட்ஸப்பில் அனுப்பிவிடுகிறோம், அலைய வேண்டாம் என்று கவுன்டரில் சொன்னார்கள். நல்லதோ கெட்டதோ, நேரில் ஓட்டிக்கொண்டு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.